கொத்தாகக் கற்பிப்போம்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று நடைபெறும் புசா ரோடில் வளரும் நம் குழந்தைகட்கு வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என மும்மொழிப் பழக்கம் வேண்டியிருக்கிறது. முதலிரு மொழிகளிலும் உருபு பெயருக்குப் பின்னே வரும். ஆங்கிலத்திலோ 'இன்', 'ஆன்', 'அட்' முதலியன பெயருக்கு முன்னே நிற்கும். குழந்தை இடறும் இடங்களுள் இஃது ஒன்று. இதனைக் கண்ட பெற்றோர் சிலர் தமிழே தடையென எண்ணி, வீட்டிலும் ஆங்கிலமே பேசத் தலைப்படுகின்றனர். இம்முடிவு பொருந்தாது என்பது நமது கருத்து.

'ஐந்து மணிக்கு' என்கிறோம். 'தை மாதத்தில்' என்கிறோம். 'திங்கட்கிழமை வருகிறேன்' என உருபின்றியும் சொல்கிறோம். நான்காம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை என்று குழந்தைக்கு யார் கற்பித்தார்கள்? முழுத் தொடராகக் கேட்டது. முழுத் தொடராகவே சொல்லியது. ஆங்கிலத்திற்கும் இதுவே நல்வழி.

'இல்' என்றால் 'இன்' எனக் கற்பித்தால், மேசையில் இருக்கும் புத்தகத்தைக் குழந்தை 'இன் தி டேபிள்' என்னும். 'அவன்மேல் கோபம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஆங்க்ரி ஆன்' என்றாகும். ஆங்கிலேயர் வழக்கோ 'ஆங்க்ரி வித்'. ஆகவே 'ஆன் தி டேபிள்', 'ஆங்க்ரி வித் ஹிம்', 'அட் ஃபைவ் ஓ கிளாக்' என்பவற்றைப் பிரிக்காமல் கொத்தாகவே கொடுத்தல் வேண்டும்.

சேர்ந்து வரும் சொற்களை ஒரே சொல்லைப்போல் முழுமையாகக் கற்க வேண்டுமென ஹாரல்டு பாமர் என்னும் ஆங்கில அறிஞர் 1933-இல் டோக்கியோவில் வெளியிட்ட அறிக்கையில் வற்புறுத்தினார். ஜப்பானிய மொழியும் தமிழைப்போல் உருபைப் பின்னே வைப்பது என்பது இங்கே கருதத்தக்கது.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. நாளுக்கு ஒரு தொடர் போதும். 'கணக்குப் பரீட்சை என்று?' எனத் தமிழிலேயே கேளுங்கள். 'ஆன் மண்டே' என விடை வரட்டும். மறுநாள் 'ஆன் டியூஸ்டே', அடுத்து 'ஆன் ஃப்ரைடே' எனக் கிழமையை மட்டும் மாற்றுங்கள். பின்னர் 'இன் ஜனவரி', 'இன் மார்ச்' என மாதங்களுக்குச் செல்லலாம். வெறும் மனனம் மட்டும் போதாது. தொடர்கள் பல சேர்ந்தபின், கிழமைக்கு 'ஆன்', மாதத்திற்கு 'இன்' என்னும் விதியைக் குழந்தையே காணும். அப்போது இலக்கணம் சொன்னால் மனத்தில் பதியும்.

தவறினால் நகைக்காது, சரியான தொடரை ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். இதற்காக வீட்டில் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. தாத்தா பாட்டியோடு உரையாடும் மொழியை இழந்து 'இன்', 'ஆன்' கற்பது நமக்கு ஊதியமாகாது.