பச்சையெல்லாம் பாசியல்ல

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கொம்பனித்தெரு வழியாகப் போகிறவர்களுக்குப் பேரை வாவி பழக்கமானது. கண்ணுக்கு முன்னரே மூக்கு அதனை அறிந்துகொள்ளும் நாட்களும் உண்டு. நீர் பச்சையாகக் கிடந்தால் 'பாசி பிடித்துவிட்டது' என்போம். பத்திரிகைகளில் நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். எந்தப் பாசி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். பேரை வாவியில் ஆய்வாளர்கள் பெருமளவில் கண்டறிந்த மைக்ரோசிஸ்டிஸ், பச்சை அல்காவே அல்ல, கருவற்ற சயனோபற்றீரியா. அதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. நீரைக் கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை. நெடுங்காலம் அருந்தும் குடிநீரில் லீற்றருக்கு 1 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. செனிடெஸ்மஸ் போன்ற உண்மையான பச்சை அல்காக்களோ இந்நஞ்சைத் தருவதில்லை. நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்களுக்கு உணவாகின்றன.

இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாலும் எளிது. ஒரு துளி நீர், ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு சொட்டு அயடீன் போதும். பச்சை அல்காவில் சேமிக்கப்பட்ட மாப்பொருள் கருநீலமாகும். சயனோபற்றீரியாவில் மாப்பொருள் இல்லை.

இனத்தைத் துணிவதுதான் கடினம். நீர்த்தெள்ளுகள் வெளிவிடும் இரசாயனத்தை உணர்ந்தால், தனித்திருக்கும் செனிடெஸ்மஸ் கலங்கள் கூட்டமாக வளரத் தொடங்கும். ஒரே உயிருக்கு இரு தோற்றங்கள்! முள்ளுடைய பல இனங்களை 1999இல் டெஸ்மோடெஸ்மஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரித்தனர். அதற்கு மரபணுச் சான்றும் துணைநின்றது. படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வோர் ஏமாறுவது இதனாலேயே.

இத்துறை நமக்குப் புதிதுமல்ல. பிரித்தானியரான வெஸ்ட், தந்தையும் மகனுமாக, 1902இல் இலங்கையின் நன்னீர் அல்காக்கள் பற்றி எழுதினர். 1907இல் ஃபிரிட்ச் எழுதினார். அவரிடம் இலண்டனில் பயின்ற சென்னையின் எம்.ஓ.பி. ஐயங்கார், தாம் கண்ட பச்சை அல்கா ஒன்றுக்கு 1932இல் ஃபிரிட்செல்லா என ஆசானின் பெயரையே சூட்டினார்.

அத்தகைய கண்கள் இன்றும் வேண்டும். நீரைச் சோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும், நுணுக்குக்காட்டியின் முன் பொறுமையாக அமர்ந்து பெயர் சொல்லத் தெரிந்த ஒருவருக்கு நிரந்தரப் பதவி இருக்க வேண்டும். இதனை ஆடம்பரம் என்பவர்கள், நோயின் பெயர் தெரியாமல் மருந்து எழுதும் வைத்தியரிடம் போவார்களா? பத்திரிகையாளருக்கும் ஒரு கடமை உண்டு. வாவி பச்சையாயிற்று என்ற செய்தி வந்தால், அச்சுக்கு அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அதன் பெயர் என்ன?