பாலை அளந்தவர்கள்

பிள்ளை பெற்ற வீட்டில் கருத்தடை என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "பால் வத்திடாதா?" என்பதுதான். மாமியார் கேட்பார், கணவன் கேட்பான், மருந்துக்கடைக்காரர்கூடக் கேட்பார். மருந்து பாலில் இறங்கிப் பிள்ளைக்கு ஏறிவிடும் என்று மாத்திரை அட்டையைப் பிடுங்கி வைப்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். கேட்கிறவர்கள்தான் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. எனவே பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் பால் சுரப்பைக் குறைக்கும். ஒரு காலத்தில் பிரசவ விடுதிகளில் பாலை வற்றவைக்கவே அதைக் கொடுத்தார்கள். 1980களில் உலக சுகாதார நிறுவனம் ஹங்கேரியிலும் தாய்லாந்திலும் நடத்திய ஆய்வில், இப்படிப்பட்ட கூட்டு மாத்திரை எடுத்த தாய்மாருக்குப் பாலின் அளவு சுமார் 40 விழுக்காடு குறைந்தது. பாலூட்டுகிறவள் முதல் 6 வாரம் அதைத் தொடவே கூடாது, 6 மாதம் வரை தவிர்க்க வேண்டும்.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையின் கதை வேறு. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும் இந்த வகைதான். இவை பாலைக் குறைத்ததாகவோ பிள்ளையின் வளர்ச்சியைத் தடுத்ததாகவோ பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. பாலின் கொழுப்பிலும் புரதத்திலும் சின்னச் சின்ன மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. அவை ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன, இயல்பின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. தாய்ப்பால் எப்போதும் ஒரே தரத்தில் வரும் பாக்கெட் பால் அல்லவே. ஒரே வேளையில் முதலில் வரும் பாலைவிடக் கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம். ஆனாலும் ஊசியை முதல் 6 வாரத்தில் பொதுவாகப் போட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது.

இவ்வளவுதான். ஒரு செவிலியர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். கைக்குழந்தையோடு முதுகலை வகுப்புக்குத் திரும்பிய என் மாணவி ஒருத்திக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. மாத்திரையை மாமியார் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். ஏழாவது மாதத்தில் மறுபடி கருவுற்றாள், படிப்பை விட்டாள். அடுத்த கரு தங்கினாலும் பால் குறையும். பாலுக்காகப் பதறிய யாரும் அதை மட்டும் பேசவில்லை.

தடுப்பவர்கள் ஒரு பக்கம். கொடுப்பவர்கள் மட்டும் என்ன? பாலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஊசியைப் போட்டுவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. பாலை அளந்தாயிற்று, பிள்ளையை எடை போட்டாயிற்று. அவளுக்கு? ஊசி போட்டுக்கொண்டால் மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். உடல் எடை கூடலாம். போட்டுக்கொள்ளும் காலம் முழுதும் எலும்பின் அடர்த்தி குறைகிறது. பால் கொடுப்பதே எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கிற வேலை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தூக்கி எறியலாம். உடம்பில் ஏறிய ஊசியை 3 மாதத்துக்கு யாராலும் வெளியே எடுக்க முடியாது.

பெண்கள் இதைக் கேட்காமல் இல்லை. 1985இல் ஹைதராபாத் அருகே பதன்செருவில், நெட்-என் என்ற கருத்தடை ஊசியைச் சோதனை என்று சொல்லாமலே கிராமத்துப் பெண்களுக்குப் போட ஏற்பாடு நடந்தது. ஸ்த்ரீ சக்தி சங்கடனா, சஹேலி முதலிய பெண்கள் அமைப்புகள் மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் போயின. அன்று அவர்கள் கேட்டது, என் உடம்புக்குள் எதைச் செலுத்துகிறீர்கள் என்று.

புறநானூற்றின் 278ஆம் பாட்டில், மகன் போரில் புறமுதுகு காட்டியிருந்தால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்கிறாள் ஒரு முதிய தாய். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒரு பெண். 'வீரத்தாய்' என்ற ஒற்றைச் சொல்லோடு வகுப்பறைகளில் இந்தப் பாட்டு முடிந்துவிடுகிறது. அந்த முலை யாருடையது என்ற கேள்விக்குப் பாடவேளை போதுவதில்லை போலும். சுகாதார நிலையத்திலும் அதே பாடம்தான் நடக்கிறது: பால் பிள்ளையுடையது, கர்ப்பப்பை குடும்பத்துடையது, பக்கவிளைவு மட்டும் அவளுடையது.

இந்தப் பேச்சு முழுவதிலும் பிள்ளையின் அப்பன் எங்கே? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. பாலில் ஒரு சொட்டுக்கூட மாறக்கூடாது என்று கவலைப்படுகிற கணவர்களுக்கு ஒரு தகவல்: அதே சுகாதார நிலையத்தில், அதே மேசையில், ஆணுறையும் இலவசமாகத்தான் கிடைக்கிறது.