இச்சையடக்கம் யாருக்கு வேண்டும்?



ஐக்கிய விருந்தில், மனச்சிதைவு நோயுள்ள சகோதரர் ஒருவர் இரண்டாம் முறை தட்டை நீட்டினால், "போஜனப்பிரியன், இச்சையடக்கம் என்னும் ஆவியின் கனி இல்லாதவன்" என்று தீர்ப்பிடுகிறோம். போஜனப்பிரியன் என்னும் பழிச்சொல்லை நம் ஆண்டவரே சுமந்தார் (மத்தேயு 11:19) என்பதை மறந்தோமோ?

ஒலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள், பசியை அடக்கும் மூளை ஏற்பிகளைத் தடுத்து, உண்டபின்னும் பசியை மூட்டுகின்றன. நாளைய நன்மைக்காக இன்றைய ஆசையைத் தள்ளிவைக்கும் ஆற்றலையும் இந்நோய் தளர்த்தக்கூடும். கால் முறிந்தவரை ஏன் ஓடவில்லை என்று கடிந்துகொள்வோமா? நம் ஏளனத்துக்கு நாணி அவர் மாத்திரையை நிறுத்தி, நோய் திரும்பினால், அந்தப் பழி நம்மேல் சுமரும்.

"அப்படியானால் உடல் கெடட்டும் என்கிறீரா?" இல்லை. எடையும் சர்க்கரையும் கூடும் அபாயம் மெய்யே. ஆகையால் மருத்துவரிடம் அவருடன் செல்லுங்கள். மாலையில் அவரோடு நடந்துபோங்கள். பந்தியில் எல்லாருக்கும் காய்கறியைக் கூட்டி, இனிப்பைக் குறையுங்கள்.

சூரைச்செடியின்கீழ்ச் சோர்ந்து கிடந்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு முறை எழுப்பி, உண்ணச் சொன்னான் (1 இராஜாக்கள் 19:5-8). இச்சையடக்கம் முதலாவது நம் நாவுக்கே வேண்டும்.