ஸ்தோத்திர பலியும் மன்றாட்டுமாலையும்

விடியுமுன் பறித்த மல்லிகையை நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு, தன் தலையில் ஒரு பூகூட வைக்காமல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகும் பெண்களை இந்த வட்டாரம் நன்றாக அறியும். தகரக் கூரைப் பெந்தெகொஸ்தே சபை, விரித்த பாய், வாசலில் செருப்புகள், வெள்ளை முக்காடு. பாட்டு ஓய்ந்ததும் சிறு புத்தகங்கள் கைமாறும்: ஆயிரம் ஸ்தோத்திர பலிகள். ஒருவர் வரிவரியாக வாசிப்பார். கூட்டம் ஒவ்வொரு வரியையும் 'ஸ்தோத்திரம்' என்று முடித்துவைக்கும்.

பக்கத்து மைக்கேல்பாளையத்துக் கத்தோலிக்கப் பாட்டி கேட்டால் இதில் திகைக்க ஒன்றுமில்லை. அவர் சொல்லும் மன்றாட்டுமாலையும் இப்படித்தான் நடக்கிறது. அங்கே புனிதர்களும் அழைக்கப்படுகிறார்கள். இங்கே அது கிடையாது. பெரிய வேறுபாடுதான். ஆனால் நடை ஒன்றே. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடிகின்றன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேம் போன எஜேரியா என்ற பெண், உதவிக்குரு பெயர்களை வாசிக்க வாசிக்கச் சிறுவர்கள் 'கீரியே எலெய்சோன்' என்று பதில் குரல் கொடுத்ததை எழுதிவைத்திருக்கிறார்.

அப்புறம் ஏன் பெந்தெகொஸ்தே போதகர்கள் மேடையேறியதும் 'எழுதி வாசிக்கிற ஜெபத்தில் ஆவி இல்லை' என்ற பேச்சு? கையிலிருக்கும் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்ததுதானே!

ஆர்சி, சிஎஸ்ஐ பெரியவர்களும் சும்மா இல்லை. இந்த அந்நியபாஷைச் சத்தமெல்லாம் 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருவில் கிளம்பிய சரக்கு என்பார்கள். அதற்கு 46 ஆண்டு முன்பே, 1860இல், இங்கிருந்து தெற்கே, சுவிசேஷகர் அருளப்பனின் கிறிஸ்தியான்பேட்டை எழுப்புதலில் அந்நியபாஷை கேட்டாயிற்று. இன்னும் பின்னால் போனால் 'திதாக்கே' என்ற ஆதித் திருச்சபைக் கையேடு இருக்கிறது. நன்றி ஜெபத்துக்கு வாசகம் எழுதித் தந்துவிட்டு, தீர்க்கதரிசிகளை மட்டும் அவர்கள் விருப்பப்படி ஜெபிக்க விடச் சொல்கிறது அது. புதனும் வெள்ளியும் உபவாசம் என்பதும் அதில் உண்டு. சுமார் 150இல் ரோமில் எழுதிய மறைசாட்சி யுஸ்தீனும், சபை நடத்துபவர் தம்மால் இயன்றவரை ஜெபிக்கிறார் என்கிறார். எழுதியதும் எழுதாததும் அன்று ஒரே கூரையின் கீழ் இருந்தன. சண்டை பிற்பாடு மூட்டியது.

பெரிய வெள்ளிக்கு, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேரை அழைத்து நோட்டீஸ் அடிக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் இன்று தமிழ்நாட்டில் பல. அவ்வார்த்தைகளைத் தியானிக்கும் மூன்று மணி நேர ஆராதனையை 17ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டு லிமா நகரில் தொடங்கியவர் ஓர் இயேசு சபைக் குரு. போப்பைத் திட்டும் போதகர்கள் அந்த நோட்டீசின் ஓரத்தில் அவருக்கும் ஒரு நன்றி போடலாம்.