இரும்புக் காசும் நாணயமும்

காசுக்கு நாணயம் என்றொரு பெயர் உண்டு. சொன்ன சொல் தவறாதவனையும் நாணயமுடையவன் என்கின்றோம். ஒரு சொல் இரு பொருளையும் தாங்கி நிற்றலை மாணாக்கர்க்கு விளக்கும்போதெல்லாம் சீன நாட்டுச் சிச்சுவான் மாகாணத்தின் இரும்புக் காசே என் நினைவுக்கு வருகின்றது.

உலகின் முதற் பணத்தாள் அம்மாகாணத்திலே தோன்றியது என்று வரலாற்று நூலார் புகழ்வர். அப்புகழ் தகும். ஆயினும் அத்தாள் எத்துன்பத்தினின்று பிறந்தது என்பதை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுதல் எனக்கு உடன்பாடன்று.

கி.பி. 965 இல் சோங் அரசு சிச்சுவானை வென்றது. வென்றவர் ஆங்கிருந்த செப்புக் காசைத் தலைநகருக்கு வாரிச் சென்றனர்; புதிய செப்புக் காசு உட்புகாமலும் தடுத்தனர். குடிகளுக்கு எஞ்சியது இரும்பு. செம்பு அரிது, அது பிறநாட்டார் கையிற் சேரலாகாது என அரசின் சார்பிற் காரணம் கூறுவாருளர். உண்மைதான், சோங் காலச் செப்புக் காசு தடையை மீறிக் கடல் கடந்து நம் யாப்பகூவா வரையும் வந்துள்ளது. இரும்புக் காசை எவர் கப்பலேற்றுவர்?

ஆனால், இரும்பைக் கொடுத்த அரசு, வரியில் ஒரு பங்கைச் செம்பாகத் தருக என்று கேட்டதே, அதற்கு என்ன காரணம் கூறுவர்? ஒரு செப்புக் காசுக்குப் பதினான்கு இரும்புக் காசு கொடுக்கும் நிலை வந்தது. பழம் புதைகுழிகளைத் தோண்டியும் புத்தர் படிமங்களை உடைத்தும் மக்கள் செம்பு தேடினர். தான் வார்த்த காசைத் தானே வாங்க மறுப்பவனை நம்மூர்ச் சந்தையில் எப்பெயரிட்டு அழைப்பர் என்பதை வாசகர் அறிவர்.

சுமையோ சொல்லுந்தரமன்று. நல்ல பட்டுத்துணி ஒரு சுருளுக்கு 20,000 சிறு இரும்புக் காசு. அவற்றின் நிறை 130 சின். இக்காலக் கணக்கில் 80 கிலோவுக்கு மேல். பட்டைக் கக்கத்தில் இடுக்கி வரலாம். அதன் விலையைக் கொண்டு செல்ல வண்டி வேண்டும். ஆதலினாற்றான் செங்டு நகர வணிகர் இரும்பைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஜியாவ்சி என்னும் சீட்டை எழுதிக் கொடுத்தனர். வணிகர் சிலர் சீட்டுக்குக் காசு கொடுக்க இயலாது வழக்கிற் சிக்கவே, 1023 இல் அரசு அத்தொழிலைத் தானே ஏற்றது. ஒரு தவணைக்கு 1,256,340 கோவை. ஒரு கோவை என்பது ஆயிரம் காசு. ஈடாக வைத்த இரும்புக் காசு 360,000 கோவை. இங்ஙனம் எல்லை வகுத்தாரை யான் குறைகூறேன். குறை பின்வந்தோருடையது. 1107 ஐ அடுத்த ஆண்டுகளில் ஈடே வையாது அளவின்றி அச்சிட்டனர். ஆயிரங்காசுத் தாள் பத்துப் பன்னிரண்டு காசுக்கு இழிந்தது.

பாடநூல் எழுதும் அன்பர்கள் ஜியாவ்சியின் பெயரைப் பொறிக்குமிடத்து, அந்த 130 சின் இரும்பையும் உடன் எழுதுவார்களாக.