பாசம் தகுதியாகாது

“பிள்ளைகளோடு பேசுவதற்கு ஒரு எம்.எஸ்ஸி. வேறயா?” கல்லூரிக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன். கேட்கிறவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்லர். முப்பது வருடம் வகுப்பெடுத்தவர்கள். பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பையனுக்குத் தங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள். வயதும் அனுபவமும் நல்ல மனசும் இருந்தால் மாணவர் ஆலோசகராகிவிடலாம், அதற்கென்று தனியாக ஒரு முதுகலை தேவையில்லை என்று அவர்கள் மனதார நம்புகிறார்கள். பெற்றோரும் அப்படித்தான். இந்த நம்பிக்கை தவறு. பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிற தவறு.

‘கவுன்சிலிங்’ என்ற சொல் நம் ஊரில் என்ன பாடுபடுகிறது பாருங்கள். பிளஸ் டூ முடித்த வீட்டில் அது இன்ஜினீயரிங் சீட்டு ஒதுக்கீடு. பள்ளி ஆசிரியருக்கு அது இடமாறுதல். பஸ் கூரையில் ஏறிய மாணவர்களைப் போலீஸ் நிறுத்திவைத்துக் கண்டித்தால், மறுநாள் பேப்பரில் ‘கவுன்சிலிங் கொடுத்து அனுப்பினர்’. ஒருவர் பேச, இன்னொருவர் குறுக்கிடாமல் கேட்பது என்ற அர்த்தத்தை மட்டும் எங்கும் காணோம். சொல்லே இப்படித் தேய்ந்துபோன இடத்தில், அதற்கு ஒரு படிப்பு உண்டென்றால் யார் நம்புவார்கள்?

நானும் இருபது மாணவிகளுக்கு மென்டராக இருந்தவள்தான். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிறது என்றால் எல்லோரும் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்புவோம்: ‘குடும்பச் சூழல் விசாரிக்கப்பட்டது. தக்க அறிவுரை வழங்கப்பட்டது.’ ஒரு நாள் சாயங்காலம் இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி துறைக்கு வந்தாள். ராத்திரியில் தூக்கமே இல்லை மேடம், படிப்பையே விட்டுடலாம் போல இருக்கு என்றாள். “அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கவைக்கிறார், நினைச்சுப் பாரும்மா” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று இரவே அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். பொறுப்போடு நடந்துகொண்டதாகத்தான் நினைத்தேன். மறுவாரம் அப்பா வந்து விடுதியிலிருந்து அவளைப் பெட்டியோடு அழைத்துப்போனார். அவள் பயந்தது வீட்டை நினைத்துத்தான் என்பது, பிறகு அவளுடைய தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் பாசத்துக்குக் குறைவில்லை. அவளை அனுப்பிவைத்தது அந்தப் பாசம்தான்.

பயிற்சி பெற்ற ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் முதலில், நீ சொல்வது எதுவரை நமக்குள் இருக்கும், எந்த நிலையில் நான் வெளியே சொல்லியாக வேண்டும் என்பதைச் சொல்லியிருப்பார். அப்பாவைப் பேச்சில் இழுத்திருக்க மாட்டார். தூக்கம் எப்போதிலிருந்து இல்லை என்று கேட்டிருப்பார். முக்கியமாக, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டிருப்பார். ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு அஞ்சுகிறார்கள். இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். கேட்டால்தான் அந்தப் பிள்ளை வாய் திறக்க வழி பிறக்கும். ஆனால் குரல் நடுங்காமல் அதைக் கேட்பதும், ‘ஆமாம்’ என்ற பதிலைக் கேட்டுப் பதறாமல் இருப்பதும் தானாக வராது. தான் நடத்திய உரையாடலைப் பதிவு செய்து, மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து, இந்த இடத்தில் ஏன் குறுக்கே பேசினாய், இந்த மௌனத்தை ஏன் பொறுக்கவில்லை என்று வரிவரியாக வாங்கிக்கட்டிக்கொண்டு பழக வேண்டிய வித்தை அது.

அமெரிக்காவில் இந்த வேலை தொழிலாக வளர்ந்த கதை நீளமானது. மாணவரைப் பாடம் படிக்கும் தலையாக மட்டும் பார்க்காமல் முழு மனிதராகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் அறிக்கை 1937-லேயே சொன்னது. 1945-ல் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆலோசனை மையம் தொடங்கினார். இன்று அங்கே ஆலோசனைப் படிப்புகளைத் தரம் பார்க்கும் சிஏசிஆர்இபி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முதுகலை என்றால் 60 கிரெடிட். 100 மணி நேர ஆரம்பப் பயிற்சி. அதன்பின் 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 240 மணி நேரம் ஆட்களோடு நேரடியாக. கல்லூரி ஆலோசனையும் மாணவர் நலப் பணியும் அதில் தனிச் சிறப்புப் பிரிவு.

அது அவர்கள் ஊர், நம் பிள்ளைகளுக்குக் குடும்பம் இருக்கிறது என்பார்கள். இதில் பாதி எனக்கும் சம்மதம். ஆர்தர் சிக்கரிங் 1969-ல் எழுதிய மாணவர் வளர்ச்சிக் கோட்பாடு அமெரிக்காவின் சிறு கல்லூரிகளை ஆராய்ந்து எழுந்தது. பெற்றோரைச் சார்ந்திராமல் தன் காலில் நிற்பது அதில் முக்கியமான படி. முதல் பட்டதாரியாக வருகிற நம் பிள்ளைக்கு வீடு சுமையும்தான், துணையும்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் வாயடைத்து உட்காருகிறவள், எந்த ஊர், எந்தத் தெரு என்று சாதியை மோப்பம் பிடிக்கிற சக மாணவன், உதவித்தொகை தாமதமானதால் மெஸ் பில் கட்ட முடியாமல் சாப்பாட்டைத் தவிர்க்கிறவன்: இவர்களைப் பற்றிச் சிக்கரிங்கிடம் விடை கிடைக்காது. அதனால்தான் இங்கே இன்னும் ஆழமான படிப்பு வேண்டும் என்கிறேன். சாதியையும் மொழியையும் உதவித்தொகை விதிகளையும் பாடமாக வைக்காத ஆலோசனைப் படிப்பு நமக்குப் பாதிப் படிப்புதான்.

2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. ‘தகுதி பெற்ற’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வணிகவியல் ஆசிரியர் ஒருவரை மூன்று நாள் பயிலரங்குக்கு அனுப்பி, சான்றிதழ் வாங்கி, கூடுதல் பொறுப்பு என்று ஆணை போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிற நிர்வாகங்களை எனக்குத் தெரியும். அதே ஆசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் இருப்பார். காலையில் விசாரணை நடத்தியவரிடம் சாயங்காலம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்?

ஆசிரியர்களை யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை வாடுவதை முதலில் பார்ப்பது அவர்கள் கண்தான். பார்த்ததும் உரியவரிடம் கூட்டிப்போகலாம். ராத்திரி நேரமென்றால் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கச் சொல்லலாம். ஆனால் கூட்டிப்போகக் கல்லூரியில் ஓர் ஆள் வேண்டுமே! இரண்டு வருடம் ஆலோசனை உளவியல் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு வாரம் இரண்டு நாள், ஒப்பந்த வேலை, மணிக்கணக்கில் கூலி என்று சொல்வதால் அவர்கள் கம்பெனிகளின் மனிதவளத் துறைக்குப் போய்விடுகிறார்கள். முழுநேரப் பணியிடம் கொடுங்கள். ஒழுங்குக் குழுவிலிருந்து விலக்கி வையுங்கள். அவர்கள் தங்கள் சந்தேகங்களைக் கொண்டுபோய்க் கேட்க வெளியில் ஒரு மூத்தவரை ஏற்பாடு செய்யுங்கள். அறை மட்டும் முதல்வர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். நூலகத்தின் பின்புறம் போதும். உள்ளே போகிறவளை யாரும் பார்க்காத இடமாக இருக்கட்டும்.