நாக்கைப் பார்க்குமுன் காதைப் பாருங்கள்

குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று ஒரு தாய் கவலைப்பட்டால், வீட்டுப் பெரியவர்கள் அவளுக்குச் சொல்லும் சமாதானங்கள் மிகப் பழமையானவை: ஆண் குழந்தை சற்றுத் தாமதித்துத்தான் பேசும், இவன் அப்பன் வாய் திறக்கவே மூன்று வயதாயிற்று, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள். பிரியத்தினால் சொல்லப்படும் இவ்வார்த்தைகளில் கபடம் சிறிதும் இல்லை. ஆயினும், ஆயுள் முழுவதற்கும் வேண்டிய பாஷையையே இவை ஒரு குழந்தையிடமிருந்து பறித்துவிடக் கூடும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் எல்லோரும் நாக்கையே பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காதை.

காதின் உத்தியோகம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தை ஒட்டியே சிசுவின் செவி சப்தங்களை ஏற்கத் தலைப்படுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், பிற ஸ்திரீகளின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்பதையே விரும்பி, அதற்கென்றே ரப்பர்க் காம்பைச் சப்பும் முறையை மாற்றிக்கொள்கின்றன என்று டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1980-இல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துக் கானடாவில் ஜேனட் வெர்க்கரும் அவருடைய சகாவும் வெளியிட்ட ஆராய்ச்சி இதனினும் விசேஷமானது. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகள், ஆறேழு மாதத்தில், இந்தியிலுள்ள டகர, தகர ஒலிகளைத் தெளிவாகப் பிரித்தறிந்தன. அவ்வீட்டுப் பெரியவர்களுக்கோ அந்தப் பேதம் புலப்படுவதே பிரயாசையாக இருந்தது. அக்குழந்தைகளிடத்திலும் ஒரு வயது நெருங்குகையில் அந்தச் சாமர்த்தியம் மங்கிப்போயிற்று. நம் குழந்தைகள் டகரத்தையும் தகரத்தையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது இரத்தத்தில் வந்த குணத்தால் அன்று. அவ்விரண்டும் ஓயாமல் அவற்றின் செவியில் விழுந்துகொண்டிருப்பதால்தான். வாயிலிருந்து முதல் வார்த்தை வருமுன்பே, எந்த ஒலிகள் தனக்கு வேண்டியவை, எவை வேண்டாதவை என்ற தரம்பிரிப்பைக் குழந்தையின் மூளை பெரும்பாலும் செய்து முடித்துவிடுகிறது. அந்த முதல் வருஷத்தில் ஒன்றுமே கேளாத குழந்தை எதைத் தரம் பிரிக்கும்?

உலகெங்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு, கணிசமான செவிக்குறையோடு பிறக்கின்றன. உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் இந்த அபாயம் அதிகம். அக்காள் மகளை மணக்கும் வழக்கமுள்ள நாம் இதைச் சற்று உரக்கவே சொல்லிக்கொள்ள வேண்டும். இதில் பரிதாபம் என்னவென்றால், செவிக்குறையுள்ள சிசுவும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே அழுகிறது, சிரிக்கிறது, ‘ங்கா’ என்றும் ‘அக்கூ’ என்றும் குரல் கொடுக்கிறது. தலைக்குப் பின்னால் கை தட்டினால் திரும்பவும் செய்கிறது. தட்டிய கையின் நிழலோ, அதனால் எழுந்த காற்றோ அதைத் திருப்பியிருக்கும். தாம்பாளம் கீழே விழுந்தால் திடுக்கிடுகிறது. தரையின் அதிர்ச்சியை அதன் உடம்பு அறிந்திருக்கும். பாட்டி மகிழ்ந்து, ‘பாம்புச் செவி என் பேரனுக்கு’ என்று அயல்வீட்டாரிடம் பெருமை பேசுகிறாள். பத்து மாதத்துக்குள் மற்றக் குழந்தைகள் ‘பாபாபா’, ‘தாத்தாத்தா’ என்று அசைகளை அடுக்கத் தொடங்கும்போது, இந்தக் குழந்தை மட்டும் அந்தப் படியில் ஏறாமல் நிற்பதை அநேகமாக ஒருவரும் கவனிப்பதில்லை.

ஆகவே வீட்டுப் பரீட்சைகளை நம்பிப் பிரயோஜனமில்லை, கருவி வேண்டும். ஆரோக்கியமான செவி ஒலியைக் கேட்பதோடு நில்லாமல், உட்செவியிலிருந்து மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பியும் அனுப்புகிறது என்று லண்டனில் டேவிட் கெம்ப் 1978-இல் கண்டறிந்ததன் பயனாக இன்று கைக்கடக்கமான ஒரு கருவி நமக்குக் கிடைத்திருக்கிறது. பால் குடித்து உறங்கும் குழந்தையின் காதில் மெத்தென்ற ஒரு சிறு முனையைப் பொருத்துகிறார்கள். சில நிமிஷங்களில் ‘பாஸ்’ என்றோ, மறுபடி பார்க்க வேண்டும் எனப் பொருள்படும் ‘ரெஃபர்’ என்றோ திரையில் எழுத்து வருகிறது. குழந்தை பெரும்பாலும் விழிப்பதே இல்லை. பிறந்த மறுநாள் காதில் மாவுபோன்ற படலம் அடைத்திருப்பதாலும் ‘ரெஃபர்’ வரலாம். அதற்காகக் கலங்காமல், சொன்ன தேதியில் திரும்பிவந்து மறுபடி பார்த்துக்கொள்வதே முறை. கடும் மஞ்சள் காமாலையோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைகளுக்கு இந்த ஒன்று போதாது; எதிரொலி சரியாக இருந்தும் நரம்பு பழுதாகியிருக்கக் கூடுமாதலால், ‘பெரா’ என்று சொல்லப்படும் பரிசோதனையும் அவசியம்.

முதல் மாதத்துக்குள் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் நிச்சயம், ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது வைத்தியர்கள் வகுத்த கணக்கு. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பின்னர் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட பாஷையில் வெகுவாக முன்னேறியிருந்ததை, அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து ஆராய்ச்சி 1998-இலேயே காட்டியது. செவி கேளாத குழந்தைக்கு ஒலியை உணர்த்தும் காக்ளியர் கருவியைப் பொருத்தும் அறுவைக்கு, ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளின் செலவை நம் மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமே ஏற்கிறது. இது பாராட்டத்தக்க காரியம். ஆனால் ஆறு வயது என்பது திட்டத்தின் எல்லையே தவிர, மூளை நமக்காகக் காத்திருக்கும் எல்லை அன்று. மேலும், கருவி ஒலியை மட்டுமே தரும். பேச்சை மனிதர்தாம் தர வேண்டும். கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டுக் குழந்தையின் முன் வைப்பது, கேட்கும் குழந்தைக்கே போதாதபோது, புதிதாகக் கேட்கத் தொடங்கிய குழந்தைக்கு எம்மாத்திரம்? கருவியால் பயன்பெறாத குழந்தைகளுக்கும் குறை வைக்கக் கூடாது. இலக்கணம் முற்றும் அமைந்த பாஷையாகிய சைகை மொழியை, அந்தக் குழந்தைகளின் பெற்றோரும் சேர்ந்து கற்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்ற ஒழுங்கை நம் பிரசவ விடுதிகள் எவ்வளவோ காலமாகக் காத்துவருகின்றன. செவிப் பரிசோதனையும் அதே கட்டாயத்துக்குள் வர வேண்டும். அரசு மருத்துவமனை, தனியார் விடுதி என்ற பேதம் இதில் ஆகாது. தடுப்பூசி அட்டையில் அதற்கென ஒரு கட்டம் அச்சிடுவதற்குப் பெரிய செலவு பிடிக்காது. அதுவரை, ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையை எடுத்துச் செல்லும் தாய்மார்களே, ஊசி போடும் செவிலியரிடம், ‘என் குழந்தைக்குக் காது பார்த்தாயிற்றா?’ என்று கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால், எங்கே பார்க்கலாம் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வீடு திரும்புங்கள்.